அடெலினோவின் முழங்கால்

தம்பி,

உன் கலியாண அழைப்பிதழ் திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. நல்ல தடித்த தாள். ஒரு பக்கம் ஜேர்மன், மறுபக்கம் தமிழ். தமிழ்ப் பக்கத்தை நீயே கையால் எழுதியிருக்கிறாய். பதினொரு வயதில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவனுக்கு இவ்வளவு எழுத்து மிஞ்சியதே பெரிது என்று பிழைகளைப் பார்க்காமல் விட்டேன். ஆனால் அடுத்த நாள் தொலைபேசியில் நீ சொன்ன செய்தியை அப்படி விட முடியவில்லை. அடெலினோவை ஹம்பர்க்கில் தேடிப் பிடித்து அவனுக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறாய். வருகிறேன் என்று எழுதியிருக்கிறான். விருந்தில் எழும்பி நின்று, எல்லோருக்கும் முன்னால் எனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று உன்னிடம் அனுமதி கேட்டிருக்கிறான். "உங்களுக்குச் சந்தோசமா இருக்கட்டும் எண்டுதான் செய்தனான் அப்பா" என்றாய். நான் நல்லது என்று சொல்லி வைத்துவிட்டேன். சந்தோஷத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை என்று நினைத்திருப்பாய். எதையும் நல்லதாகவே எடுத்துக்கொள்கிற இந்தக் குணம் உனக்கு என்னிடமிருந்தும் வரவில்லை, உன் அம்மாவிடமிருந்தும் வரவில்லை.

அவன் எழும்பி நன்றி சொல்வதற்கு முன் நீ சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீண்ட கடிதம் இது. வேலையால் வந்து, சாப்பிட்டு முடித்து, ஆறுதலாக இருந்து வாசி. சாப்பிட முன் வாசித்தால் சாப்பிட மாட்டாய். நீ கட்டப்போகிற பெண்ணுக்குச் சொல்வதா இல்லையா என்பதை வாசித்த பிறகு நீயே தீர்மானித்துக்கொள்.

உனக்குத் தெரிந்த அடெலினோ, தொழிற்சாலை வாசலில் சின்னக் கூண்டுக்குள் இருந்த காவலாளி. ஒரு கதிரையில் இருந்தபடி வலது காலை இன்னொரு கதிரையில் நேரே நீட்டி வைத்திருப்பான். லொறி வந்தால், எழும்புவதற்கு முன் இரண்டு கையாலும் அந்தக் காலைத் தூக்கி நிலத்தில் இறக்குவான். வந்த புதிதில் நீ அவனைப் போல நடந்து காட்டி, மாடிப்படியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பாய். நானும் ஒருமுறை அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த அடெலினோ உதைபந்தாட்டக்காரன். போர்த்துக்கலில் ஒரு மீன்பிடித் துறையில் பிறந்தவன். வெறுங்காலோடு மணலில் ஆடத் தொடங்கி, பத்தொன்பது வயதில் தன் நாட்டின் முதற் பிரிவுக் கழகம் ஒன்றில் பின்வரிசையில் நின்றான். இரண்டு பருவம் ஆடினான். பிறகு பட்டாளத்திலிருந்து ஓலை வந்தது. அப்போது அவர்களுடைய நாடு ஆப்பிரிக்காவில் போர் நடத்திக்கொண்டிருந்தது. அவனுடைய தெருவிலிருந்து போனவர்களில் இரண்டு பேர் பெட்டியில் திரும்பி வந்திருந்தார்கள். அவன் போகவில்லை. கூலிக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த ஜேர்மனிக்கு எப்படியோ வந்து சேர்ந்தான். திரும்பிப் போனால் சிறை, அல்லது போர். இதை மனதில் வைத்துக்கொள், பின்னுக்கு வேண்டியிருக்கும். எங்கள் இரும்பாலையில் அவனைச் சூளைக்குப் பக்கத்தில் சாம்பல் அள்ளப் போட்டார்கள். ஒரு மத்தியான இடைவேளையில் முற்றத்தில் ஆட்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தபோது பந்து உருண்டு அவனுடைய காலடிக்குப் போனது. அடுத்த கிழமை அவன் ஆலையின் கழகத்தில் இருந்தான். இரண்டாம் பிரிவில் ஆடிய கழகம் அது. ஒரு வருட ஒப்பந்தமும், ஆலைக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ஒரு வீடும் கொடுத்தார்கள்.

அவனுடைய ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. எதிரணியின் முன்வரிசையில் நடுவில் வருகிறவனைப் பிடித்துக்கொள்வதுதான் அவனுடைய வேலை. தொண்ணூறு நிமிடமும் அந்த ஒருவனோடு ஒட்டிக்கொண்டு நிற்பான். மற்றப் பின்வரிசைக்காரர்கள் சறுக்கி விழுந்து, சேற்றை வாரி இறைத்துப் பந்தை எடுப்பார்கள், சனம் கைதட்டும். இவன் விழவே மாட்டான். விழுந்து எடுக்கிறவன் எழும்பப் பிந்திவிடுவான் என்பான். எதிரி எந்தப் பக்கம் திரும்பப் போகிறான் என்று அவனுடைய இடுப்பைப் பார்த்தே கண்டுபிடித்து, அங்கே போய் முன்கூட்டியே நின்றுகொள்வான். பந்து தானாக வந்து இவன் காலில் சேரும். ஆட்டம் முடிந்தால் மற்றவர்களுடைய காற்சட்டை கறுப்பாக இருக்கும், இவனுடையது வெள்ளையாக இருக்கும். அதைத் தோய்த்தவன் நான், அதனால் தெரியும்.

நான் தோய்த்தேன் என்று உனக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. லேத் வேலை பழக வந்து, பழகி முடித்து, இந்த நாட்டில் தங்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுமதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு நின்றவன் நான். சனி, ஞாயிறுகளில் கழகத்தின் சப்பாத்து அறை என் பொறுப்பு. சப்பாத்தில் அப்பிய சேற்றைச் சுரண்டி, அடியில் தேய்ந்த ஆணிகளைக் கழற்றிப் புதிது பூட்டி, காற்சட்டையும் காலுறையும் தோய்த்து, துவாய் மடித்து வைக்க வேண்டும். வேறு ஒருவரும் அந்த வேலைக்கு வரவில்லை. வீரர்கள் என்னைச் சொக்கிலேட் என்று கூப்பிடுவார்கள், நான் பல்லைக் காட்டுவேன். நீயும் அம்மாவும் ஊரில் இருந்தீர்கள். உங்களைக் கூப்பிட வேண்டுமென்றால் நிரந்தர வேலையும் வீடும் வேண்டும். இரண்டும் எனக்கு இல்லை. அம்மா மாதத்துக்கு ஒரு கடிதம் போடுவாள். கடைசி வரியில் எப்போதும் ஒரே கேள்விதான் இருக்கும், எப்போது என்று.

அடெலினோ முதல் நாள் உடுப்பு மாற்றும் அறைக்கு வந்தபோது ஒரு சொல் ஜேர்மன் தெரியாமல் நின்றான். எதையோ கேட்டான். பயிற்சியாளர் உட்பட ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. துவாய் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். பிறகு சப்பாத்தைக் கேட்டான், கொடுத்தேன். அலுமாரிச் சாவி கேட்டான், அதையும் கொடுத்தேன். நானூறு வருடத்துக்கு முன் எங்கள் கரையில் கப்பலை விட்டு இறங்கிய போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள், நாங்கள் நாளும் பொழுதும் வாயில் வைத்திருக்கிற சொற்கள், அவ்வளவுதான். ஆனால் பயிற்சியாளர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். உனக்குப் போர்த்துக்கேயம் தெரியுமா என்று கேட்டார். மூன்று வருடமாக அந்த அறையில் என்னை ஒரு மனிதனாகப் பார்த்து ஒருவன் கேட்ட முதல் கேள்வி அது. தெரியும் என்றேன்.

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அப்படி அடுத்த நாளே நான் கழகத்தின் மொழிபெயர்ப்பாளன் ஆனேன். ஆட்ட நாளில் சேற்றைச் சுரண்ட வேறொருவனைப் பிடித்தார்கள், தோய்க்கிற வேலை மட்டும் என்னிடமே இருந்தது. நான் மைதான ஓரத்தில், பயிற்சியாளருக்குப் பக்கத்தில் வாங்குப் பலகையில் இருந்தேன், கழுத்துப்பட்டி கட்டியிருந்தேன். முதல் சில மாதம் நான் செய்தது மொழிபெயர்ப்பே அல்ல. அவர் நீளமாக ஏதோ சொல்வார். நான் கையை ஆட்டி, தெரிந்த நாலு சொல்லைச் சேர்த்து, முகத்தைக் கடுமையாக வைத்துச் சொல்வேன். அடெலினோ என்னைக் கோவாக்காரன் என்று நினைத்தான். அந்தப் பக்கத்துப் போர்த்துக்கேயம் இப்படித்தான் நொண்டும் போலிருக்கிறது என்று பாவப்பட்டு, தானே எனக்குத் திருத்திச் சொல்லித் தருவான். பின்நேரங்களில் அவனுடைய குசினி மேசையில் கோப்பிக் கோப்பையை வைத்துக்கொண்டு எனக்குத் தன் மொழியைப் படிப்பித்தவன் அவன்தான். நான் பழைய புத்தகக் கடையில் ஒரு அகராதியும் வாங்கி வைத்து, பிடிபட்டுவிடுவேன் என்ற பயத்தில் மனப்பாடம் செய்தேன். ஒன்றரை வருடத்தில் அவன் சொல்வது ஒன்றுவிடாமல் எனக்கு விளங்கியது. எனக்கு விளங்கவில்லை என்று சொல்லி நான் தப்ப முடியாது என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அறுபத்தேழாம் ஆண்டு வசந்தம். பருவத்தின் கடைசி ஆட்டம். சமநிலையில் முடித்தாலே போதும், முதற் பிரிவுக்கு ஏறுகிற சுற்றில் எங்கள் கழகத்துக்கு இடம் கிடைத்துவிடும். அந்த வியாழக்கிழமைப் பயிற்சியில் அடெலினோவின் வலது முழங்காலில் ஏதோ நடந்தது. வெள்ளி முழுக்கக் கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தான். ஞாயிறு காலை பயிற்சியாளர் என்னை நடைபாதையில் மறித்து, சிகரெட் ஒன்று தந்தார். உன்னுடைய குடும்பத்தைக் கூப்பிடுகிற மனு ஆலைப் பணிப்பாளரின் மேசையில் கிடக்கிறது, பணிப்பாளர் வெற்றியை விரும்புகிற மனிதர் என்றார். போர்த்துக்கேயன் இல்லாமல் இன்று இழுத்துப் பிடிக்க முடியாது என்றார். டொக்டர் இப்போது அவனைப் பார்க்கப் போகிறார், நீதானே மொழிபெயர்க்கிறாய் என்றார். பொய் சொல் என்று அவர் சொல்லவில்லை. அவர் படித்த மனிதர், அப்படியெல்லாம் சொல்ல மாட்டார். நான் அந்தச் சிகரெட்டை முழுவதும் இழுத்து முடித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். உங்களுக்காக மட்டும் செய்தேன் என்றால் நீ அழுவாய், மன்னிப்பாய். அதனால் எழுதுகிறேன். எனக்கு அவன் மேல் எரிச்சலும் இருந்தது. அவனும் என்னைப் போல வெளியாள், என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவன், பந்து உதைக்கத் தெரியும் என்பதைத் தவிர என்னைவிட ஒரு அங்குலம் உயர்ந்தவனில்லை. சனம் அவனுடைய பெயரைச் சொல்லிப் பாடியது, என்னைச் சொக்கிலேட் என்றது. அந்தக் காலில் கொஞ்சம் நோகட்டும் என்று என் மனதின் ஒரு மூலை நினைத்தது.

அவன் வாங்கில் மல்லாந்து படுத்திருந்தான். டொக்டர் முழங்காலைப் பிடித்து உள்பக்கமாக அழுத்தி, நோகுதா என்று கேள் என்றார். நான் கேட்டேன். அவர்கள் மொழியில் நோகிறது என்பதற்கு ஒரே அசை. டோய். அவன் அதைச் சொன்னான். பிறகு, இடப்பக்கம் திரும்பினால் உள்ளே ஏதோ மாட்டிக்கொள்கிறது, நேற்றுப் படியில் கால் அப்படியே பூட்டிக்கொண்டது, இன்றைக்கு ஏலாது, ஒரு கிழமை கேட்டுச் சொல் என்றான். நான் டொக்டரிடம் திரும்பி, நோவில்லையாம், குளிருக்குக் கொஞ்சம் இறுகியிருக்கிறதாம் என்றேன். டொக்டர் அவனுடைய முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் நோ இருந்தது. விளையாட முடியுமா என்று திரும்பவும் ஒருமுறை கேள் என்றார். நான் அடெலினோவைப் பார்த்து, தலைக்குக் கீழே துவாய் வைக்கட்டுமா என்று அவன் மொழியில் கேட்டேன். அவன் என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு ஓம் என்று தலையாட்டினான். டொக்டர் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். நான் துவாயை மடித்து அவனுடைய தலைக்குக் கீழே வைத்தேன்.

அந்தக் காலத்தில் மாற்று ஆட்டக்காரன் என்று ஒன்று கிடையாது. அடுத்த பருவத்தில்தான் அந்த விதி வந்தது. அடிபட்டவன் வெளியேறினால் பத்துப் பேரோடு ஆட வேண்டும். அதனால் நொண்டுகிறவனை இடது ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். அவன் சும்மா நிற்பான். எதிரணி அவனுக்கும் ஒரு ஆளை ஒதுக்க வேண்டியிருக்குமே, அதற்காக. இருபதாவது நிமிடத்தில் அடெலினோ இடப்பக்கம் திரும்பினான், முழங்கால் திரும்பவில்லை. ஓரத்தில் நிறுத்தினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒற்றைக் காலில் நின்றான். முன்வரிசைச் சனம் அவனைப் பார்த்துக் கொக்கைப் போலக் கத்தியது. அவனுடைய சொந்தக் கழகத்தின் சனம். கடைசி நிமிடங்களில் ஒன்றுக்கு ஒன்று என்றிருக்கும்போது, எதிரணிக்காரன் ஒருவன் தனியே பந்தோடு ஓடினான். கோல் காப்பவனுக்கும் அவனுக்கும் நடுவில் ஒருவரும் இல்லை. அடெலினோ ஓடினான். அந்தக் காலோடு பாதி மைதானம் ஓடி, வாழ்க்கையில் முதல் முறையாகச் சறுக்கி விழுந்து, பந்தை எடுத்தான். முழங்காலில் மிச்சமிருந்தது அந்த ஓட்டத்தில் போனது.

ஊதல் ஊதியதும் சனம் மைதானத்துக்குள் பாய்ந்தது. அவனைத் தூக்கித் தோளில் வைத்தார்கள். ஒருவன் இடது காலைப் பிடித்திருந்தான், இன்னொருவன் வலது காலைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டு ஆடினான். அடெலினோ கத்தினான். டோய், டோய் என்று தொண்டை கிழியக் கத்தினான். பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர், என்ன சொல்கிறான் என்று என்னைக் கேட்டார். நான் மொழிபெயர்ப்பாளன் அல்லவா. சந்தோஷத்தில் கத்துகிறான் என்றேன். அவர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். அவன் மயங்கிய பிறகுதான் இறக்கினார்கள்.

கழகம் மேலே ஏறவில்லை, அது வேறு கதை. அவனுடைய முழங்காலைத் திறந்து, உள்ளே கிழிந்துபோன சவ்வை எடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்து வைத்தியம் அவ்வளவுதான். ஆவணியில் பயிற்சிக்கு வந்தான், கால் நிற்கவில்லை. கழகத்தின் அறிவித்தல் பலகையில் இரண்டு வரி ஒட்டினார்கள்: எங்கள் பின்வரிசை வீரர் ஓய்வு பெறுகிறார், அவருக்கு நன்றி. அவனுக்கு அப்போது வயது இருபத்தாறு. அவனுக்காக அந்த இரண்டு வரியைப் போர்த்துக்கேயத்தில் வாசித்துக் காட்டியவனும் நான்தான். இந்த முறை ஒரு சொல்லும் மாற்றவில்லை. பணிப்பாளர் இரங்கி, வாசல் கூண்டில் ஒரு வேலை கொடுத்தார். ஆனால் வீடு வீரர்களுக்குரிய வீடு. அதைக் காலி செய்து, கூலியாட்களின் விடுதிக்குப் போகச் சொன்னார்கள்.

வீடு யாருக்குப் போனது என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும். நிரந்தர வேலையும் அதோடு வந்தது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம். ஐப்பசியில் நீயும் அம்மாவும் விமானத்தில் வந்து இறங்கினீர்கள். மூன்றாம் மாடி. படுக்கையறை வாசல் நிலையில் ஒரு இரும்புக் கொக்கி இருந்ததே, நினைவிருக்கிறதா? நீ அதில் கயிறு கட்டி ஊஞ்சல் ஆடுவாய். இது என்ன அப்பா என்று கேட்டாய். முன்பு இருந்தவர்கள் இறைச்சி தொங்கவிட்டிருப்பார்கள் என்றேன். அடெலினோ சத்திரசிகிச்சைக்குப் பிறகு முழங்காலை மடக்கிப் பழகுவதற்காக அடித்த கொக்கி அது. கயிற்றில் காலை மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பான்.

அம்மாவுக்கு அந்தக் கதையைக் கீழ்வீட்டு ஜேர்மன் மனுசி சொல்லிவிட்டாள். சொல்ல மொழி இல்லை. கொக்கியைக் காட்டினாள், பிறகு தன் முழங்காலைக் காட்டினாள், நொண்டி நடந்து காட்டினாள். உன் அம்மா என்னைக் கேட்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது உண்மை. நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அப்ப, அந்த மனுசன்ர காலை முறிச்சுத்தான் எங்களைக் கூப்பிட்டனீங்கள்" என்றாள். அந்த ஞாயிறே சோறும் மீன் குழம்பும் சமைத்துத் தூக்குச்சட்டியில் போட்டாள். நான் வாங்கக் கை நீட்டினேன். "நீங்கள் கொண்டு போகக் கூடாது. உங்கட கையால குடுத்தா நீங்கள் நல்லவராகிடுவியள். பிள்ளை கொண்டு போகட்டும்" என்றாள். எட்டு வருடம் ஞாயிறு தவறவில்லை. படிக்கப் போகும் வரை நீ கொண்டுபோனாய், பிறகு அவளே கொண்டுபோனாள். அதை நீ நட்பு என்று நினைத்தாய். அவனுக்கு உண்மையைச் சொல்லுங்கோ என்று வருடத்துக்கு ஒருமுறையாவது கேட்பாள். நான் பார்ப்பம் என்பேன். ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமையிலும் கேட்டாள். அப்போதும் பார்ப்பம் என்றுதான் சொன்னேன்.

உனக்குப் பதினாலு வயதில் நடந்ததையும் இப்போது விளங்கப்படுத்திவிடுகிறேன். அந்த வாசல் கூண்டுக்குப் பின்னால் அடெலினோ உனக்குப் பின்வரிசை ஆட்டம் பழக்கிக்கொண்டிருந்தான், எனக்குத் தெரியாமல். ஒருநாள் முழங்காலில் கட்டோடு வீட்டுக்கு வந்தாய். "நோகுதோ?" என்று கேட்டேன். "இல்லையப்பா, நோகேல்லை" என்றாய். அறைந்தேன். நீ சுவரில் மோதி விழுந்தாய். பிறகு உன் சப்பாத்தை எடுத்து, குசினிக் கத்தியால் நாலாக நறுக்கிக் குப்பையில் போட்டேன். பந்து விளையாடியதற்காக அடித்தேன் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ நோகவில்லை என்று சொன்ன அந்தச் சொல்லைத்தான் என்னால் கேட்க முடியவில்லை. உன் ஆட்டத்தைக் கெடுத்தது பிழை. அடித்தது அதைவிடப் பிழை. மன்னிப்புக் கேட்க எனக்கு வராது, நீயும் எதிர்பார்க்காதே.

எழுபத்தைந்தில், நீ ஆஹன் நகரில் படித்துக்கொண்டிருந்தபோது, அடெலினோ ஹம்பர்க்குக்குப் போனான். அங்கே துறைமுகத்தில் அவனுடைய ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். போவதற்கு முதல் நாள் ஆலை வாசலில் என்னை இருத்திவைத்துப் பேசினான். அதற்குள் அவனுடைய ஜேர்மன் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. "அண்டைக்கு நீ டொக்டரிட்டப் பொய் சொன்னனீ. எனக்குத் தெரியும்" என்றான். "நோ இல்லை எண்டு நீ சொன்னது விளங்கினது. அவ்வளவு ஜேர்மன் அப்பவே எனக்குத் தெரியும். வாயைத் திறந்து மறுக்கத்தான் பாத்தனான். பிறகு நீ துவாய் வைக்கட்டோ எண்டு கேட்டனீ. ஏன் அப்பிடிக் கேக்கிறாய் எண்டு யோசிச்சன். நான் ஏலாது எண்டு சொன்னா ஒப்பந்தம் முடியும், என்னைத் திருப்பி அனுப்புவாங்கள், அங்க பட்டாளம் பிடிக்கும். அதுக்காகத்தான் நீ பொய் சொல்லுறாய் எண்டு விளங்கினது. அதான் தலையாட்டினனான்." பிறகு என் கையைப் பிடித்து, "கால்தானே போச்சு. உயிரை நீ காப்பாத்தினனீ" என்றான்.

நான் அவனை மறுக்கவில்லை. கையையும் இழுத்துக்கொள்ளவில்லை. ஓம் என்று சொன்னேன், தம்பி. டொக்டரிடம் சொன்ன பொய்க்கு நீயும் அம்மாவும் காரணம் என்று சொல்லலாம். தோளில் வைத்துத் தூக்கியபோது சொன்னதற்குப் பயம் காரணம் என்று சொல்லலாம். இதற்கு ஒரு காரணமும் இல்லை. அவன் தந்தான், நான் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் வாழ்த்து அட்டை அனுப்புகிறான். நான் பதில் போட்டதில்லை. அவன் சொன்னது ஒருவேளை சரியாகவும் இருக்கலாம், அன்றைக்கு ஆடியிராவிட்டால் அவனை அனுப்பியிருப்பார்கள் என்று நீ சொல்ல வருவாய், உன்னை எனக்குத் தெரியும். அந்தக் கதையை என்னிடம் கொண்டு வராதே. துவாயை மடிக்கும்போது அவனுடைய உயிர் என் நினைப்பில் இருக்கவில்லை.

கலியாணத்துக்குப் போகிற மகனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பது வழக்கம். என்னிடம் இருக்கிறது கொஞ்சம்தான். உன் பெண் எங்கேயாவது நோகிறது என்று சொன்னால் நம்பு. அவள் சொன்னதை உன் சொல்லில் திருப்பிச் சொல்லாதே, அவளுடைய சொல்லிலேயே விட்டுவிடு. அவளுடைய தாய் தகப்பனுக்கு முன்னால் என்னை நல்ல மனிதன் என்று கட்டி எழுப்பாதே. உனக்கு உரிமையில்லாத நன்றி கையில் வந்து விழுந்தால், அந்த இடத்திலேயே திருப்பிக் கொடு. ஒருநாள் வைத்திருந்தாலும் பிறகு கை விடாது.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அடெலினோவுக்கு நல்ல கதிரையாகப் போடு, காலை நீட்ட இடம் விட்டு. அவன் பேச எழும்புவதற்கு முன் நான் எழும்புவேன். ஜேர்மனில் பேச மாட்டேன், போர்த்துக்கேயத்திலும் பேச மாட்டேன். அந்த இரண்டு மொழியிலும் அவனை நான் விற்றிருக்கிறேன். தமிழில் பேசுவேன். நீ மாப்பிள்ளைக் கோலத்தில் எனக்குப் பக்கத்தில் நின்று, அதை ஜேர்மனில் அவனுக்கும் உன் மாமனார் வீட்டுச் சனத்துக்கும் சொல்ல வேண்டும். உன் கலியாண நாளில் இப்படி ஒரு வேலையை உனக்குத் தருவது கொடுமை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த மண்டபத்தில் வேறு ஒருவருக்கும் தமிழ் தெரியாது. நான் என்ன சொன்னேன் என்று உன்னைத் தவிர ஒருவருக்கும் தெரியவராது. விரும்பினால் நீ, அப்பா சந்தோஷத்தில் பேசுகிறார் என்று சொல்லிவிடலாம். எல்லோரும் கைதட்டுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

அதைச் செய்ய மாட்டாய் என்றால் மட்டும் எனக்கு ரயில் சீட்டு அனுப்பு. ஏலாது என்று தோன்றினால் அழைப்பைத் திருப்பி எடுத்துக்கொள், என்னுடையதை, அவனுடையதை அல்ல. நான் பேசப்போவது நீளமில்லை. இப்போதே ஜேர்மனில் சொல்லிப் பழகிக்கொள். ஒரு சொல் கூட்டாதே, ஒரு சொல் குறைக்காதே.

அவன் நோகிறது என்று சொன்னான். எனக்கு விளங்கியது. நான் நோகவில்லை என்று சொன்னேன்.

அப்பா